முதுகு செய்யாதவர்

எங்கள் வீட்டில் அவருக்குப் 'போதும் மாஸ்ரர்' என்று பெயர். பெயரை வைத்தது என் கணவர். அப்போது அவர் அந்த மனிதரைக் கண்டதுகூட இல்லை. நான் வேலையால் வந்து சொல்கிற கதைகளைக் கேட்டே வைத்துவிட்டார். ஆளுடைய சொந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாத ஒரு ஜேர்மன் பெயர். பட்டறைக் கதவில் அந்தப் பெயரும், அதன் கீழே 'தேவாலயச் சிற்பங்கள்' என்பதும், அதற்கும் கீழே 'தந்தையும் மகன்களும்' என்பதும் எழுதியிருக்கும். தந்தை ஜேர்மனியில் ஏதோ ஒரு சேமக்காலையில் அடங்கிவிட்டார். மூத்த மகன் கார் விற்கப் போய்விட்டார். ஆக, ஒஸ்லோ ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பழைய ஆலைக் கட்டடத்தின் மேல்மாடியில், பெயர்ப்பலகைக்குப் பதில் சொல்ல மிஞ்சியிருந்தவர் இவர் ஒருவர்தான்.

அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. நாங்கள் குடியிருந்த ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து விடிய ரயில் பிடித்து வந்து, படிக்கட்டு, கழிப்பறை, பிறகு ஒவ்வொரு அறையாகத் துடைத்து முடித்து, அங்கிருந்து ட்ராம் எடுத்து முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். அது இரண்டாவது வேலை. அந்தக் காலத்தை நினைத்தால் மனிதர்களின் முகங்களைவிடத் தரைகள்தான் எனக்கு அதிகம் ஞாபகம் வருகின்றன. அவருடைய பட்டறைத் தரை எல்லாவற்றிலும் மோசம். எவ்வளவு கூட்டினாலும் மறுநாள் அதேயளவு மரச்சீவல் கிடக்கும்.

முதல் நாள் நான் அவருடைய வேலை மேசைக்குக் கீழே குனிந்து தும்புத்தடியை விட்டேன். அவர் உளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பெரிய உருவம், பெரிய மூக்கு, நித்திரையால் அரைவாசியில் எழுப்பி விட்டதுபோன்ற கண்கள்.

"அங்கே என்ன செய்கிறீர்கள்?"

"கூட்டுகிறேன்."

"யாராவது குனிந்து பார்ப்பார்களா?"

"இல்லை."

"அப்படியென்றால், டெ ஹோல்லர்" என்றார்.

நோர்வேஜிய மொழியில் 'டெ ஹோல்லர்' என்றால் 'இது போதும்'. அவருக்கும் அது சொந்த மொழி இல்லை, எனக்கும் இல்லை. இருவரும் சொற்களைத் தேடித் தேடி மெல்லக் கதைப்போம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். நோர்வேக்கு வந்த நாள் முதல் எனக்குப் போதாது என்று சொன்னவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். மொழி போதாது, படிப்பு போதாது, அனுபவம் போதாது. எங்கள் சனமும் குறைவில்லை. கொண்டாட்டத்துக்குச் செய்த பலகாரம் போதாது, மகளுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் போதாது. இவர் ஒருவர்தான் வந்து நின்று போதும் என்கிறார். விட்டேன் தும்புத்தடியை.

அவருக்கு எதற்கும் முன்பக்கம் போதும். சட்டையில் கழுத்துப்பட்டியையும் நெஞ்சுப் பக்கத்தையும் மட்டும் மினுக்குவார். மேலே கோட்டைப் போட்டால் ஆள் ஒரு துரை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினால், பின்பக்கச் சட்டை கசக்கிப் பிழிந்த துண்டுபோல இருக்கும். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல், "இஸ்திரிப் பெட்டி சூடாகத்தானே இருக்கிறது, மறுபக்கத்தையும் ஒரு இழுப்பு இழுத்தால் என்ன?" என்று கேட்டேன். "நான் என்னுடைய முதுகைப் பார்ப்பதில்லை. மற்றவர்கள் பார்க்கும்போது நான் போய்விட்டிருப்பேன்" என்றார். நத்தாருக்குக் கடையில் ஒரு பக்கம் மொட்டையான கிறிஸ்மஸ் மரத்தைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து, மொட்டைப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைப்பார். கதவுக்கு நிறம் பூசியபோது வெளிப்பக்கத்தை மட்டும் பூசினார். உள்பக்கம் பழைய சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

சோம்பல் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். சோம்பல்காரன் வேலையைத் தொடாமல் இருப்பான். இவர் நான் வரும்போது உளியும் கையுமாக நிற்பார், போகும்போதும் நிற்பார். தேவையான இடத்தில் தேவையான அளவு வெட்டுவார். அதற்கு மேல் ஒரு சீவல் விழாது. சிற்பம் செய்கிறவர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு எண்ணம் உண்டல்லவா, ஊண் உறக்கமில்லாமல் உள்ளம் உருகிச் செய்வார்கள் என்று. அந்த உருக்கம் ஒன்றும் இவரிடம் கிடையாது. சின்ன வயதில் அவருக்கு ரயில் ஓட்ட விருப்பமாம். மூத்தவர் தப்பி ஓடியதால் பட்டறை இவர் தலையில் விழுந்தது. "என் தகப்பன் எனக்குத் தந்தவை இரண்டு. இந்த மூக்கு, இந்தப் பட்டறை. இரண்டையும் கழற்றி வைக்க முடியவில்லை" என்பார்.

முதுகு செய்யாததும் தகப்பன் தந்ததுதான். அவர்கள் லிண்டன் என்ற மென்மையான மரத்தில் செய்வார்கள். முழு மரமாக விட்டால் காயும்போது வெடித்துவிடும் என்று பின்பக்கத்தைக் குடைந்து எடுத்துவிடுவார்கள். சுவரோடு நிற்கிற சிற்பத்துக்கு அது குறையில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் சுவரோடு நிற்கிற ஆட்களைத்தான் செய்து வந்திருக்கிறார்கள். சுவர் நீளத்துக்கு இழுப்பறைகள் இருந்தன. அவற்றுக்குள் பாட்டன், பூட்டன் காலத்துக் களிமண் மாதிரிகள்: கைகள், மூக்குகள், சுருட்டை மயிர், குழந்தைக் கால்கள். யோசேப்புக்கு என்று ஒரு தாடி, பேதுருவுக்கு என்று ஒரு தாடி. இழுத்துப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். அவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்போல ஒரு கையை எடுத்துப் பார்த்து அளந்துவிட்டுப் போட்டுவிடுவார்.

ஒருமுறை ஒரு நோர்வேஜியப் பாதிரியார் சம்மனசு ஒன்று, சிறகுள்ள தேவதூதர், செய்விக்க வந்தார். பாதி முடிந்த சிற்பம் ஒன்றின் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல பகிடி என்று நினைத்து, "கடவுள் பின்பக்கத்தையும் பார்ப்பார் அல்லவா?" என்று கேட்டார். இவர் மரத்திலிருந்து உளியை எடுக்காமலே சொன்னார்: "பார்க்கிறார்தான். நாலு தலைமுறையாக ஒன்றும் முறைப்பாடு வரவில்லை." பாதிரியார் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

அவரை ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்தது கலியாணம். மனைவி நோர்வேஜியப் பெண். உளிகளையும் இழுப்பறைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தவர், அவள் விட்டுப் போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். திரும்பிப் போகலாமே என்று கேட்டேன். "இந்த மேசைகளை மறுபடி யார் தூக்குவது?" என்றார். என்ன சண்டை என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அவராகவே ஒருநாள் கோப்பி குடிக்கும்போது சொன்னார். "சண்டை ஒன்றும் இல்லை. ஒருநாள் காலையில் டெ ஹோல்லர் என்று சொன்னாள். அந்தச் சொல்லை நான் அவளிடம்தான் கற்றேன்." எனக்கு அன்று ட்ராமில் போகும்போதும் அது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. போதும் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் முன்போல விளையாட்டாகக் கேட்கவில்லை. சில நாட்களில் எரிச்சலாகக்கூட இருந்தது. ஒரு மனிதன் இப்படியா எல்லாவற்றையும் சுவரோடு திருப்பி வைத்துவிட்டு இருப்பான்?

ஆனால் என் அம்மா செத்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த நேரம். போக வழியில்லை. வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் என்று வேலைக்கு வந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இன்று நீங்கள் இருந்தால் போதும்" என்றார். பிறகு என் கையிலிருந்த துடைப்பானை வாங்கி அவரே துடைத்தார். நடுவில் மட்டும் துடைத்தார். மூலை ஒன்றுக்கும் போகவில்லை. வாளித் தண்ணீரை அரைவாசி தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அம்மாவின் சாவில் எனக்குக் கிடைத்த ஒரே செத்தவீடு அந்தப் பட்டறைதான். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

இனி றெஜினா அக்காவின் மாதாவுக்கு வருகிறேன்.

றெஜினா அக்கா எங்கள் அடுக்குமாடியில் மேல்தளம். அவர்கள் வேதம், மாதாவைக் கும்பிடுகிறவர்கள்; நாங்கள் சைவம். கறிச்சட்டி மட்டும் சமயம் பார்க்காமல் இரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கும். அவவுடைய தம்பி வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். தொலைபேசி இல்லை, செய்தி இல்லை. அவன் உயிரோடு வெளியில் வந்தால் புதிதாக ஒரு மாதா சிலை, அவர்கள் சொல்கிற சுருவம், செய்வித்து, ஆவணித் திருநாளில் தோளில் தூக்குகிற கூட்டில் ஏற்றி வீதி சுற்றுவிப்பேன் என்று அக்கா நேத்தி வைத்தா. ஒருநாள் செய்தி வந்தது. தம்பி வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் ஒரு முகாமில் இருக்கிறான். அக்கா அன்றே என் கதவைத் தட்டினா.

"பிள்ளை, உன்ரை போதும் மாஸ்ரர் மாதா செய்வாரோ?"

"செய்வார் அக்கா. அவரின்ரை வேலையே அதுதானே."

"அப்ப கதை. இந்தத் திருநாளுக்கு வேணும். கேட்டதை மாதா தந்திட்டா. இனி நான்தான் குடுக்க வேணும். இழுத்தடிச்சால் பிறகு அவன்ரை உயிருக்குத்தான் பாரம்."

அக்காவையும் திருநாள் கமிற்றியின் பெரியவர் சேவியர் அண்ணையையும் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சேவியர் அண்ணையும் என் கணவரும் எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் ஒன்றாக மீன் வெட்டியவர்கள். மாஸ்ரர் மூன்றே கேள்விகள் கேட்டார். எவ்வளவு உயரம், கையில் பிள்ளை உண்டா, எங்கே நிற்பாள்? நான் மொழிபெயர்த்தேன்.

"கோயிலுக்குள்ளை. வலப்பக்கத் தூணோடை" என்றா அக்கா.

அவர் தலையாட்டினார். சேவியர் அண்ணையும் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுந்து வந்தோம்.

சுருவம் வந்த அன்று கோயில் மண்டபத்தில் போர்வையை அவிழ்த்தார்கள். நீல முக்காடு, இடது கையில் பிள்ளை, நேராக நிமிர்ந்த நிலை. முகம் அப்படி ஒரு சாந்தம். றெஜினா அக்கா காலைக் கொஞ்சிவிட்டுக் கண்ணை ஒற்றினா. நான் ஏதோ என் கையால் செய்ததுபோலப் பெருமையோடு நின்றேன். சேவியர் அண்ணை கூட்டில் சுருவத்தை எங்கே ஆணி போட்டு இறுக்கலாம் என்று பார்க்கப் பின்னால் போனார்.

"ஐயோ, இஞ்சை ஓடியாங்கோ! மாதாவுக்கு முதுகில்லை!"

ஓடினோம். கழுத்திலிருந்து பாதம்வரை குடைந்த பள்ளம். உளி பட்ட தடம் எல்லாம் அப்படியே தெரிந்தது. நின்றவர்களில் ஒருவர், "தோணியைக் குடைஞ்சு நிமித்தி வைச்சிருக்கிறான்" என்றார். றெஜினா அக்கா கையை அந்தப் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்தா. பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா.

"என்ரை நேத்தியைக் கோறையாக்கிப் போட்டானே. தம்பி இன்னும் முகாமுக்குள்ளைதான். குறைச் சுருவத்தைச் சுத்தினால் அவனுக்கு என்ன வருமோ?"

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சீலை ஒன்றைப் போர்த்துவிடலாம் என்றார் ஒருவர். ஒஸ்லோக் காற்று தூக்கினால் மானம் போகும் என்றார் மற்றவர். பலகை அடிக்கலாம் என்றார்கள். கடைசியில் சேவியர் அண்ணை, "இந்த முறைக்குக் கோயில்லை இருக்கிற பழைய சுருவத்தையே தூக்குவம், இவ தூணோடை நிக்கட்டும்" என்றார்.

"செய்விச்ச மாதாவை மூலையிலை விட்டிட்டு இரவல் மாதாவோ சுத்துறது? நான் ஆருக்கு நேந்தனான்?" என்று அக்கா அழுதா. எல்லாருடைய கண்ணும் என்னில் வந்து நின்றது. ஆளைப் பிடித்துக் கொடுத்தவள் நான்தானே.

மறுநாள் காலை வாளியைக்கூட வைக்காமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாதாவுக்கு முதுகு இல்லை."

"தூணோடு நிற்பாள் என்றீர்கள். தூணுக்கு முதுகு தேவையில்லை."

"நிற்பாதான். ஆனால் திருநாளுக்கு வெளியே சுற்றப் போவா."

அவர் உளியை வைத்தார். "அப்படியானால் அவள் நடக்கிற மாதா. நடக்கிற மாதா வேறு வேலை. எங்கள் ஊரிலும் சுற்றுவார்கள். அதற்கென்று தனிச் சுருவம் உண்டு. நடக்கிறவர்களை அடுத்த தெருப் பட்டறைக்காரர் செய்வார்கள். எங்கள் வீட்டில் நிற்கிறவர்கள் மட்டும். நடப்பாள் என்று நீங்கள் சொல்லவில்லையே?"

"எங்கள் ஊரில் எல்லா மாதாவும் நடப்பா. அதை ஏன் சொல்ல வேண்டும்?"

பிழை அவரிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் இழுப்பறைகள் பக்கம் கையைக் காட்டினார். "அதற்குள் முதுகு ஒன்றும் இல்லை. என்னிடம் மாதிரி கிடையாது. துணி போர்த்துங்கள். டெ ஹோல்லர்."

எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சத்தம் போட்டது அன்று மட்டும்தான்.

"யாருக்குப் போதும்? சுற்றும்போது மாதாவின் முகத்தைப் பார்க்கிறது வீதியில் நிற்கிறவன். எங்கள் சனம் மாதாவுக்குப் பின்னால் நடக்கும். பிள்ளைவண்டி தள்ளுகிறவள், கால் ஏலாதவள், வேலை முடிந்து நேரே வருகிறவள், எல்லாரும் பின்னால்தான். சுற்றி முடியும்வரை அவர்கள் காண்பது முதுகைத்தான். அவர்களுக்கு நீங்கள் ஒரு ஓட்டையைக் காட்டுகிறீர்கள். அந்தப் பெண் தம்பியின் உயிருக்காக வைத்த நேத்தி அது."

அவர் மடியில் கிடந்த மரச்சீவலைத் தட்டிவிட்டார். பிறகு, "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்றார்.

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடித்து வந்து துடைக்கத் தொடங்கினேன். அவர் பக்கம் திரும்பவே இல்லை. துடைப்பானை நிலத்தோடு போட்டுத் தேய்த்த தேய்ப்பில் என் கோபம் முழுக்கத் தெரிந்திருக்கும். முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் உளியைத் தொடாமல் அதே இடத்தில் இருந்தார்.

அடுத்த நாள் சேவியர் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்துச் சுருவத்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாராம். அதைப் பட்டறை மூலையில் திரை கட்டி மறைத்துவிட்டார். செய்கிறேன் என்றோ செய்யமாட்டேன் என்றோ என்னிடம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் புதிதாகத் தொடங்கியது. மேசைகளுக்குக் கீழே கூட்டச் சொன்னார். ஒரு மேசை முடிந்தால் அடுத்த மேசை. அது முடிந்தால் இழுப்பறைகளுக்கு அடியில். வருடக்கணக்காகப் போதும் போதும் என்று சொன்ன மனிதர், நேற்றுக் கூட்டிய இடத்தை இன்றைக்கும் கூட்டச் சொல்கிறார். நான் சத்தம் போட்டதற்குப் பழி வாங்குகிறார் என்றே நினைத்தேன். வீட்டில் வந்து சொன்னபோது என் கணவர், "இனி அவருக்குப் போதாது மாஸ்ரர் எண்டு பேரை மாத்துவம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்கவும் ஏலாமல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து குனிந்து கூட்டினேன்.

திருநாள் அன்று மெல்லிய மழை. பூசை முடிகிற நேரத்தில் அவருடைய வான் வந்தது. றெஜினா அக்கா வாசலிலேயே நின்றா. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சேவியர் அண்ணையும் மற்றவர்களும் சாம்பல் நிறப் போர்வையோடு சுருவத்தை இறக்கிக் கூட்டில் வைத்தார்கள். போர்வையை எடுத்ததும் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. நேரே பின்னால் போனா. கழுத்திலிருந்து கீழ்வரை கையால் தடவிக்கொண்டே போனா. எங்கும் கை உள்ளே இறங்கவில்லை. அடியில் மரம் மூச்சு விடுவதற்கென்று ஒரு விரல் இடைவெளி மட்டும் விட்டிருந்தார்.

"இப்ப முழுசு. இனித் தம்பிக்கு ஒண்டும் வராது" என்றா அக்கா. தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டா. நான் மாஸ்ரருக்கு நன்றி சொல்லத் தேடினேன். அவர் கோயில் முற்றத்து வாங்கில், மழைக்கு ஒதுக்கமாக இருந்த மூலையில், வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. அதற்குப் பிறகு கன காலம் அவர் ஒஸ்லோவில் இருக்கவும் இல்லை. கட்டடம் கைமாறியபோது திறப்புக் கொத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, எனக்குச் சொல்லாமலே போய்விட்டார். எந்த ஊருக்குப் போனார், இப்போது இருக்கிறாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

அன்று மழையோடே கூடு புறப்பட்டது. சைவக்காரி நான் எதற்கு முன்னால் முண்டுவான் என்று, பிள்ளைவண்டிகளோடு கடைசியில் நடந்தேன். என் கணவரும் பக்கத்தில் வந்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர், அன்று ஓய்வு. மனிதர் கதைப்பது குறைவு. பாட்ஸ்பியோர்ட்டில் கை விறைக்க மீன் வெட்டிய நாளிலிருந்து, நோவு என்ற சொல்லை எங்கள் வீட்டில் அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

அப்போதுதான் நான் அந்த முதுகைப் பார்த்தேன். முன்னால் நிமிர்ந்து நிற்கிற மாதா, பின்னால் வேறு ஆளாக இருந்தா. முக்காடு சரிந்து, அதன் தலைப்பை வேலைக்காரப் பெண்கள்போல இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தா. பிடரியில் கொண்டை அவிழப் பார்க்கிறது. பிள்ளையைத் தூக்கிய இடது தோள் சரியாகத்தான் இருந்தது. வலது தோள் கீழே இறங்கி, தோள்பட்டை எலும்பு துணிக்குள்ளால் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"ஜேர்மன்காரனுக்கு மட்டம் பாக்கத் தெரியாதோ? ஒரு பக்கம் சரிஞ்செல்லோ கிடக்கு" என்றார் பக்கத்தில் வந்த ஒருவர்.

"விடுங்கோ அண்ணை. நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிற முதுகு அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் வண்டி தள்ளிய பெண். சொல்லிவிட்டு, ஏதோ வழக்கமான துணை கிடைத்ததுபோல, கூட்டுக்குக் கொஞ்சம் கிட்டப் போய் நடந்தாள்.

என் கணவர் சுருவத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி சுருவத்தைப் பார்த்தார்.

"இஞ்சரும்."

"என்ன?"

"உமக்கு வலத்தோள் நோகுதே?"

அது வாளி தூக்குகிற தோள். எவ்வளவோ நாளாக நோகிறது. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க ஏலாது. ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடு என்பார்கள். விட்டால் எப்படி என்று நானே என் வாயை மூடி வைத்திருந்தேன்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அவர் நாடியால் மாதாவைக் காட்டினார். "விடிய நீர் ஸ்ரேஷனுக்குப் போகேக்கை நான் யன்னலாலை பாத்துக்கொண்டு நிக்கிறனான். ஒவ்வொரு நாளும். இந்த முதுகுதான். நித்திரைக் குழப்பத்திலை நடக்கிறீர் எண்டு நினைச்சன். நோவெண்டு எனக்கு விளங்கேல்லை. ஏன் சொல்லேல்லை?"

இந்த மனிதர் யன்னலில் நிற்பார் என்பதே எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ரயில் போய்விடும் என்ற அவசரம். மேசை மேசையாக என்னை அந்த ஜேர்மன்காரர் ஏன் குனிய வைத்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. கோபம் வந்தது. வெட்கம் வந்தது. இத்தனை சனம் என் முதுகைப் பார்த்துச் செபமாலை சொல்லிக்கொண்டு போகிறதே என்று சிரிப்பும் வந்தது. பிறகு இவை ஒன்றுமில்லாமல் அழுகைதான் வந்தது. அம்மாவுக்கு அழுதபிறகு அப்படி நான் அழவில்லை. நடுவீதியில், மழையில், மூக்கைத் துடைக்கத் துண்டுகூட இல்லாமல் விம்மி விம்மி அழுதேன்.

றெஜினா அக்கா என்னைத் தேடிக்கொண்டு முன்னாலிருந்து கூட்டத்துக்குள்ளால் வந்தா. என்னைக் கண்டதும் அவவின் முகம் மலர்ந்துபோனது. ஓடி வந்து கட்டிப் பிடித்தா.

"பாத்தியே பிள்ளை! சைவமெண்டும் பாக்கேல்லை, மாதா உன்னையும் தொட்டிட்டா!"

என் கணவர் குடையை என் பக்கம் சரித்துப் பிடித்தார்.

"மாதா இல்லை அக்கா," என்றார். "இவவுக்குத் தோள் நோகுது."